ஆலை மூடிய நகரத்தில் முதலில் ஆட்களைக் கணக்கெடுங்கள்

பெரிய ஆலை ஒன்று மூடப்பட்ட நகரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வரும் கேள்வி, "அடுத்து எந்தக் கம்பெனி வரப்போகிறது?" என்பதுதான். தேர்தலில் நிற்பவர்கள் அதையே வாக்குறுதியாகத் தருகிறார்கள், வேலை போனவர்களும் வேறு வழி தெரியாமல் அதையே நம்பி வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இந்தக் காத்திருப்புதான் நகரத்தைக் கொல்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆலை மூடுவதால் விழும் அடியைவிட, அதற்குப் பின் வரும் நான்கைந்து வருடங்கள் சும்மா கழிவதால் விழும் அடி பெரிது. கட்டடம் இருபது வருடம் பூட்டிக் கிடந்தாலும் கட்டடம்தான், ஏதோ ஒன்றுக்கு ஆகும். உலைக்குள் இருக்கும் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லத் தெரிந்த மனிதர் அப்படிக் காத்திருக்க மாட்டார். இரண்டு வருடத்தில் வேறு ஊருக்குப் போயிருப்பார், இல்லையென்றால் எங்காவது ஒரு வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருப்பார். அவர் கற்ற தொழிலை அடுத்த ஆளுக்குச் சொல்லித்தர அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

புதிய கம்பெனி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு ஜெர்மனியின் ரூர் பகுதியில் உள்ள போஹும் நகரம் நல்ல பதில். 1950களின் கடைசியில் அங்கே நிலக்கரிக்கு மவுசு குறைந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. 1962இல் ஓப்பல் கார் தொழிற்சாலை வந்தது, சுரங்கத்திலிருந்து வெளியே வந்தவர்கள் பலர் அதற்குள் போனார்கள், எல்லோருக்கும் நிம்மதி. பிறகு நோக்கியாவும் வந்தது. 2008இல் நோக்கியா தொழிற்சாலையை மூடிவிட்டு ருமேனியாவுக்குப் போனது (அந்தத் தொழிற்சாலையையும் 2011இல் மூடியது). 2014 டிசம்பரில் ஓப்பலும் நின்றுபோனது. ஒரே நகரம் ஓர் ஆயுட்காலத்துக்குள் மூன்று முறை அதே இழவைக் கேட்டிருக்கிறது. தாத்தா சுரங்கத்தில், அப்பா கார் தொழிற்சாலையில், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கடிதம் வந்த குடும்பங்கள் அங்கே இருக்கும்.

ஆனால் அதே காலத்தில் அங்கே இன்னொன்றும் நடந்தது. 1965இல் ரூர் பல்கலைக்கழகம் திறந்தது. அதுவரை அந்தச் சுரங்கப் பகுதியில் இயங்கும் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை. நிலக்கரியும் உருக்கும் இருக்கும்போது படிப்பு எதற்கு என்பதுதான் நூறு வருடமாக இருந்த எண்ணம். ஓப்பல் வந்தபோது கிடைத்த கைதட்டல் அதற்குக் கிடைத்திருக்காது. ஆனால் ஓப்பல் போன பிறகு காலியான அந்த நிலத்தில் இன்று ஆய்வுக்கூடங்கள் வருவதற்குக் காரணம் அந்தப் பல்கலைக்கழகம்தான். ஒரு பல்கலைக்கழகத்தைக் கழற்றிக்கொண்டு போய் வேறு நாட்டில் வைப்பது லேசில்லை.

சரி, ஆட்களைக் கணக்கெடுப்பது என்றால் என்ன? வேலையில்லாதோர் எண்ணிக்கை எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது. நான் கேட்பது வேறு கணக்கு. இந்த ஊரில் எத்தனை பேருக்கு உயர் அழுத்தக் குழாயில் வெல்டிங் வரும், எத்தனை பேருக்குப் பழைய கடைசல் இயந்திரத்தைப் பிரித்து மாட்டத் தெரியும், யாருக்கு மின்மோட்டார் சுற்றத் தெரியும், எந்த இயந்திரம் எந்தக் கொட்டகையில் இன்னும் ஓடும் நிலையில் கிடக்கிறது என்ற கணக்கு.

இதை ஒருமுறை உண்மையிலேயே செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் விமான உதிரிபாகங்கள் செய்த லூகாஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் 1970களில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும், தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தங்கள் ஆட்களிடமே ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். உங்களுக்கு என்ன வேலை தெரியும், உங்கள் பிரிவில் என்ன இயந்திரம் இருக்கிறது, இதை வைத்து மக்களுக்குத் தேவையான எதைச் செய்யலாம்? 1976இல் வெளிவந்த அந்தத் திட்டத்தில் ஏறக்குறைய 150 பொருள்கள் இருந்தன. பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் வண்டி, வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப், காற்றாலை, சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் பேருந்து. வருடத்தைக் கவனியுங்கள், 1976. இன்றைக்கு உலகம் முழுக்கப் போட்டி போட்டுக்கொண்டு மானியம் கொடுத்து வளர்க்கும் பொருள்களை, வேலை போகப்போகிறது என்ற பயத்தில் இருந்த ஃபிட்டர்களும் வரைவாளர்களும் அன்றே எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகம் ஏற்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்தது, ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் கேட்டவர்களிடம் இல்லை.

அதிகாரம் கையில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேல்ஸில் ஓர் உதாரணம் உண்டு. டவர் நிலக்கரிச் சுரங்கம், 1994இல் லாபமில்லை என்று சொல்லி மூடப்பட்டது. 239 தொழிலாளர்கள் தங்களுக்குக் கிடைத்த இழப்பீட்டுத் தொகையிலிருந்து தலைக்கு 8,000 பவுண்டு போட்டு, அந்தச் சுரங்கத்தைத் தாங்களே வாங்கி 1995 ஜனவரியில் திறந்தார்கள். 2008 ஜனவரி வரை ஓட்டினார்கள். அப்போதும் நஷ்டத்தால் மூடவில்லை, வெட்டுவதற்குக் கரி தீர்ந்துவிட்டது. 13 வருடம். எந்தப் பாறைக்குப் பின்னால் எவ்வளவு கரி இருக்கிறது என்பது தினமும் உள்ளே இறங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதையே எல்லா இடத்திலும் செய்யலாம் என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் நகரத்தில் 1977 செப்டம்பர் 19 அன்று பெரிய உருக்காலை ஒன்றின் மூடல் அறிவிக்கப்பட்டது, ஏறத்தாழ 5,000 வேலைகள் போயின. அங்கும் தேவாலயங்களும் தொழிலாளர்களும் சேர்ந்து ஆலையை ஊரே வாங்கி நடத்தலாம் என்று முயன்றார்கள், வீட்டுச் சேமிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் உருக்காலையை நவீனமாக்கத் தேவைப்படுவது வேறு அளவு பணம். மத்திய அரசு கடன் உத்தரவாதம் தர மறுத்ததும் 1979இல் அந்த முயற்சி முடிந்துபோனது. 1930இல் 1,70,000 பேர் இருந்த அந்த நகரத்தில் 2020இல் இருந்தவர்கள் 60,000 பேர். மனம் இருந்தது, தொழில் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், போட மூலதனம் இல்லை. உள்ளூர் ஆட்கள் நினைத்தால் எதையும் செய்யலாம் என்று மேடையில் பேசுபவர்கள் யங்ஸ்டவுனைப் படித்துவிட்டுப் பேச வேண்டும்.

வளம் என்று சொன்னால் மண்ணுக்கடியில் இருப்பதைத்தான் எல்லோரும் நினைக்கிறோம். அது தீர்ந்த பிறகும் ஒரு தொழில் நகரத்தில் எவ்வளவோ மிச்சம் இருக்கிறது: கனமான மின் இணைப்பு, தண்ணீர், ரயில் தடம், படகுத்துறை, ஒரே சொந்தக்காரரின் பெயரில் இருக்கும் பெரிய நிலம், ஏன், காலியான சுரங்கம்கூட. நெதர்லாந்தில் ஹேர்லன் நகரத்தின் சுரங்கங்களை மூடப்போவதாக 1965இல் அரசு அறிவித்தது, கடைசியாக 1974இல் மூடினார்கள். பம்புகளை நிறுத்தியதும் உள்ளே தண்ணீர் நிறைந்தது, பூமியின் சூட்டில் அது வெதுவெதுப்பானது. 2008 முதல் அந்தத் தண்ணீரைக் கொண்டு கட்டடங்களைக் குளிர்காலத்தில் சூடாக்கவும் கோடையில் குளிரவைக்கவும் செய்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. ஆனால் நடுவில் போன முப்பது வருடத்தையும் பார்க்க வேண்டும். எந்தச் சுரங்கப் பாதை எங்கே போகிறது என்ற பழைய வரைபடங்கள் இல்லாவிட்டால் துளையை எங்கே போடுவது? மூடும்போது காகிதங்களை எடைக்குப் போட்டுவிடும் ஊரில் இது நடக்காது.

பில்பாவோவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது, ஏனென்றால் உலகம் முழுக்கத் தவறாகப் படிக்கப்படும் நகரம் அதுதான். ஸ்பெயினின் வடக்கில், கப்பல் கட்டும் தளமும் உருக்காலையும் போய்த் தவித்த நகரம், 1997இல் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தது, சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள், நகரம் பிழைத்தது. இப்படித்தான் கதை சொல்கிறார்கள், அதைக் கேட்டு எத்தனையோ நகரங்கள் அதே மாதிரி வளைந்து நெளிந்த கட்டடம் ஒன்றைக் கட்டிவிட்டுக் கூட்டம் வரும் என்று காத்திருந்தன. அந்த அருங்காட்சியகம் திறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே சாக்கடையாக ஓடிய ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கியிருந்தது. 1992இல் ரயில்வே, துறைமுகம், நகராட்சி என ஆளுக்கொரு துண்டாக வைத்திருந்த நிலங்களை ஒரே அமைப்பின்கீழ் கொண்டுவந்தார்கள், ஒரு துண்டை விற்ற லாபத்தை அடுத்த துண்டைச் சீர்செய்வதில் போட்டார்கள். 1995இல் மெட்ரோ ஓடியது. நிலத்தை ஒன்றுசேர்த்த அந்த நிர்வாக வேலையை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை, ஆனால் நகல் எடுக்க வேண்டியது அதைத்தான்.

பில்பாவோ இருக்கும் அந்த வட்டாரத்துக்கு இன்னொரு பலமும் இருந்தது. பக்கத்தில் மொந்த்ராகோன் என்ற சிறிய ஊரில், ஹொசே மரியா அரிஸ்மெந்தியர்ரியேத்தா என்ற பாதிரியார் 1943இல் ஒரு தொழிற்பள்ளி ஆரம்பித்தார். அங்கே படித்து வந்தவர்கள் 1956இல் முதல் கூட்டுறவு ஆலையைத் தொடங்கினார்கள். பள்ளி முதலில், ஆலை பிறகு, நடுவில் 13 வருடம். 2013இல், அதிலிருந்து வளர்ந்த கூட்டுறவுக் குழுமத்தின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஃபாகோர் வீட்டுச்சாதன நிறுவனம் திவாலானபோது, அதன் உறுப்பினர்களில் நிறையப் பேருக்கு மற்றக் கூட்டுறவு ஆலைகள் இடம் கொடுத்தன. ஆலை விழுவதைத் தடுக்க முடியவில்லை. விழுந்தவர்களைத் தாங்கிக்கொள்ள முன்கூட்டியே ஓர் ஏற்பாடு இருந்தது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் விஷயத்தில் மட்டும் என்னால் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்ட முடிவதில்லை. உருக்கு நகரம் மருத்துவமும் ரோபோவும் கொண்டு மறுபிறவி எடுத்தது என்பது உண்மை. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1979இலேயே ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது, யு.எஸ். ஸ்டீல் என்ற உருக்கு நிறுவனத்தின் பெயரில் நிற்கும் கோபுரத்தின் உச்சியில் இன்று மின்னுவது ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் பெயர். ஆனால் 1950இல் 6,76,000 பேர் இருந்த நகரத்தில் 2020இல் இருந்தவர்கள் சுமார் 3,03,000. வேலை போன உருக்குத் தொழிலாளியா ரோபோ ஆய்வுக்கூடத்துக்குப் போனார்? பக்கத்திலேயே பிராடக் என்ற ஊர் இருக்கிறது. உருக்குத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1875இல் தொடங்கிய உருக்காலை அங்கே இன்னும் ஓடுகிறது, ஒரு காலத்தில் 20,000 பேர் வாழ்ந்த ஊரில் இப்போது இரண்டாயிரம் பேர்கூட இல்லை, இருந்த மருத்துவமனையும் 2010இல் மூடப்பட்டது. நகரத்தின் பெயர் பிழைத்துக்கொள்வதும் அங்கே இருந்த ஆட்கள் பிழைத்துக்கொள்வதும் ஒன்றில்லை. புத்துயிர் என்று யாராவது சொன்னால், யாருக்கு என்று கேட்டே ஆக வேண்டும்.

சத்தமில்லாமல் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகரம் பெரிய வணிக வளாகத் திட்டம் ஒன்றை நம்பி இருந்தது, 2011இல் அது கைவிடப்பட்டது. அதன்பிறகு நகர மன்றம், கல்லூரி, போலீஸ் எல்லோரும் உட்கார்ந்து, நாம் ஏற்கெனவே செலவழிக்கும் பணம் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். பெரும்பகுதி ஊருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. சாப்பாடு, அச்சு வேலை, கட்டட வேலை என்று பிரித்து, உள்ளூர்க்காரர்கள் ஒப்பந்தம் எடுக்கும் அளவுக்குச் சிறிதாக்கினார்கள். நான்கு வருடத்தில் நகரத்துக்குள்ளேயே செலவான தொகை 3.8 கோடி பவுண்டிலிருந்து 11.2 கோடியாக ஏறியது. புதிதாக ஒரு பைசா முதலீடு வரவேண்டிய தேவையே இதற்கு இல்லை.

ஆலை மூடும் அறிவிப்பு வந்த அன்றே தொழிற்சங்கமும் நகராட்சியும் மேசையில் வைக்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவது இவைதான். லூகாஸ் தொழிலாளர்கள் கொடுத்தது போன்ற கேள்வித்தாள், அதுவும் கடைசிச் சம்பள நாளுக்கு முன்னால், எல்லோரும் இன்னும் ஒரே இடத்துக்கு வந்துபோகும்போதே. மறுபயிற்சிக் காலத்துக்குச் சம்பளம், ஏனென்றால் வீட்டு வாடகை பயிற்சி முடியும்வரை காத்திருக்காது. வரைபடங்களும் இயந்திரங்களும் பழைய இரும்பு விலைக்குப் போகாமல் இருக்க ஒரு தடை. நிலம் முதலில் ஊருக்கு என்ற உரிமை. அப்புறம், சுத்தம் செய்யும் செலவு யார் தலையில் என்பதற்கு எழுத்தில் ஓர் ஒப்பந்தம். ரூர் பகுதியில் சுரங்கம் தோண்டியதால் நிலம் தாழ்ந்துபோன இடங்களில் இன்றும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள், என்றைக்கும் இறைக்க வேண்டும். கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடுவதற்குப் பதினோரு வருடம் முன்பே, 2007இல், அந்தச் செலவுக்கென்று நிலக்கரி நிறுவனத்தின் சொத்துகளைக் கொண்டு ஓர் அறக்கட்டளையை உருவாக்கினார்கள். நிறுவனத்திடம் சொத்து இருக்கும்போதே இதைக் கேட்டு வாங்க வேண்டும். பிறகு கேட்டால் கொடுப்பதற்கு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், செலவு வரி கட்டும் அதே ஊர்க்காரர்களிடம் வந்து சேரும்.