எண்ணூறு அரங்கேற்றப் படங்களை ஒரே மூச்சில் சுருக்க

மும்பை சண்முகானந்தா அரங்கில் ஓர் அரங்கேற்றம், செம்பூரில் ஒரு பொங்கல் விழா என்றால் இரண்டு கேமராவுக்கும் சேர்த்து 800 படம் சர்வசாதாரணம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ஜேபெக் படம் ஏறக்குறைய 10 எம்பி. மொத்தம் 8 ஜிபி. 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் ஏற்றுகிற படமும் இலவச 15 ஜிபி கணக்கில்தான் விழுகிறது. ஒரே விழாவில் பாதிக்கு மேல் காலி. ஜிப் போட்டாலும் பெரிதாகக் குறையாது. ஜேபெக் ஏற்கெனவே சுருக்கிய கோப்பு.

சுருக்கும்போது முதலில் குறைக்க வேண்டியது பிக்சலை, அப்புறம்தான் குவாலிட்டியை, அதாவது ஜேபெக்காகச் சேமிக்கும்போது கொடுக்கும் தர எண்ணை. பலர் 6000 × 4000 அளவை அப்படியே விட்டுவிட்டு குவாலிட்டியை 40க்கு இறக்குகிறார்கள். கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். கோப்பும் எதிர்பார்த்த அளவு இறங்காது. நீளப் பக்கம் 2048 பிக்சல் போதும். பிக்சல் எண்ணிக்கை ஒன்பதில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். அதற்கு மேல் குவாலிட்டி 82 முதல் 85. பெரும்பாலான படம் 1 எம்பிக்குள் அடங்கும். குவாலிட்டி எண் சதவீதம் அல்ல. 95க்கும் 100க்கும் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை, கோப்பு மட்டும் ஊதும். ஏற்கெனவே 80இல் சேமித்த படத்தை 95இல் மறுபடி சேமித்தால் கோப்பு பெரிதாகும், படம் ஒரு துளியும் தேறாது.

விண்டோஸில் இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளே போதும். சொந்த உபயோகத்துக்கு இலவசம். திறந்து 'பி' விசையை அழுத்தினால் பல படங்களை ஒன்றாக மாற்றும் பேட்ச் கன்வர்ஷன் ஜன்னல் வரும். படங்களைச் சேர்த்து, அவுட்புட் ஃபார்மட்டில் ஜேபிஜி (ஜேபெக்கின் இன்னொரு பெயர்). அட்வான்ஸ்டு பொத்தானுக்குள் போய் நீளப் பக்கத்துக்கு 2048 கொடுங்கள். சின்னப் படத்தைப் பெரிதாக்காதே என்று சொல்லும் 'டோன்ட் என்லார்ஜ்' பெட்டியில் டிக் கட்டாயம். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வந்த சின்னப் படமெல்லாம் வீணாகப் பெருக்கும். அவுட்புட் ஃபோல்டர் எப்போதும் தனி. அதே ஃபோல்டரைக் கொடுத்து ஓவர்ரைட்டும் டிக்கானால் ஒரிஜினல் போயே போச்சு. லினக்ஸில் இமேஜ்மேஜிக் என்ற படம் மாற்றும் மென்பொருளின் மோக்ரிஃபை கட்டளையும் இப்படித்தான்: வேறு பாதை சொல்லாவிட்டால் மூலக் கோப்பின் மேலேயே எழுதும்.

இரண்டு கேமராக்காரர்கள் இருந்தால் இன்னொரு வில்லங்கம். இருவரிடமும் 0412 என்று ஒரே பெயரில் படம் இருக்கும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்று மற்றதை விழுங்கும். முதலில் பெயருக்கு முன் ஆளுக்கொரு எழுத்து சேர்த்துவிடுங்கள்.

இனி சிவப்பு. மேடையில் அரக்குச் சிவப்புப் பட்டு, மேலே சிவப்பு எல்இடி வெளிச்சம். சுருக்கிய பிறகு கரையின் ஜரிகை வேலைப்பாடு மட்டும் குழைந்துபோய் நிற்கும், முகமோ பளிச்சென்று இருக்கும். காரணம் குரோமா சப்சாம்ப்ளிங். வழக்கமான அமைப்பில் வெளிச்ச அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாகப் பதிவாகும். நிறமோ நான்கு பிக்சலுக்கு ஒன்று. அழுத்தமான சிவப்பில் வெளிச்ச வேறுபாடு கொஞ்சம்தான், நுணுக்கமெல்லாம் நிறத்தில்தான் இருக்கிறது. அது அடிபடுகிறது. ஜேபிஜி ஆப்ஷன்ஸில் 'டிஸேபிள் குரோமா கலர் சப்சாம்ப்ளிங்' என்று ஒரு பெட்டி உண்டு. நாட்டியப் படம், பட்டுப்புடவைப் படம் என்றால் டிக் செய்யுங்கள். கோப்பு கொஞ்சம் கூடும், கூடட்டும். குவாலிட்டியை 95க்கு ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நிறம் ஒட்டுமொத்தமாக வெளிறினால் அது வேறு நோய். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிற அமைப்பை வைத்து எடுத்து, சுருக்கும்போது அது எந்த அமைப்பு என்று சொல்லும் கலர் ப்ரொஃபைலைக் கழற்றிவிட்டால் அப்படி ஆகும். முன்கூட்டியே எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற அமைப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நிற்கிற படம் படுத்துக்கொண்டால் எக்சிஃப் பக்கம் பாருங்கள்; படத்துக்குள் கேமரா எழுதிவைக்கும் தகவல் அது. கேமரா பெரும்பாலும் பிக்சலைத் திருப்புவதில்லை. 'திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைக்கும். குறிப்பை அழித்தால் படம் படுக்கும். பிக்சலையும் திருப்பிக் குறிப்பையும் விட்டுவைத்தால் இரண்டு முறை திரும்பும். எக்சிஃப்படி தானாகத் திருப்பும் அமைப்பும், ஓரியன்டேஷன் குறிப்பை ரீசெட் செய்யும் டிக்கும் சேர்ந்தே இருக்கட்டும். எக்சிஃபை முழுசாக வழித்தெறிந்தால் எடுத்த தேதியும் போய், அலாரிப்புக்கு முன்னால் தில்லானா வந்து நிற்கும். பொதுவெளியில் போடுகிற படத்தில் மட்டும் இருப்பிடத் தகவலை நீக்கினால் போதும். வீட்டு கொலு படத்தில் அது கட்டிட வாசல் வரை காட்டிக்கொடுக்கும்.

ஐபோன் படங்கள் வரும் ஹெய்க் வடிவத்தை ஜேபெக் ஆக்கினால் பிக்சல் மாறாவிட்டாலும் கோப்பு பெருக்கும், பயப்பட வேண்டாம்; 2048க்கு இறக்கினால் சரியாகிவிடும். அழைப்பிதழ், ஸ்க்ரீன்ஷாட் போன்ற பிஎன்ஜி கோப்புகளை இந்தக் கும்பலில் சேர்க்காதீர்கள், எழுத்தைச் சுற்றி அழுக்குப் படியும்.

800 படத்தையும் ஓட்டுவதற்கு முன் ஐந்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள்: ஒரு சிவப்பு, ஒரு இருட்டு, ஒரு நிற்கிற படம், ஒரு குழுப் படம், ஒரு போன் படம். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு மொத்தத்தையும் விடலாம். முடிந்ததும் இரண்டு ஃபோல்டரின் கோப்பு எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா, அளவு வரிசையில் அடியில் 0 கேபி எதுவும் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு மெமரி கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.