கச்சான் அடங்கிய பிறகு: திருச்செந்தூரிலிருந்து கொல்லம் வரை

திருச்செந்தூரிலிருந்து கொல்லம் வரை சைக்கிளில் செல்ல இரண்டு முறை முயன்றேன். ஆடியில் கிளம்பிய முதல் பயணம் பாவூர்சத்திரத்தோடு நின்றது. தையில் கிளம்பிய இரண்டாவது பயணம் கொல்லம் கடற்கரையில் முடிந்தது. இரண்டு முறையும் அதே சைக்கிள், அதே கால்கள், காற்றுதான் வேறு.

ஒரு கடலில் தொடங்கி இன்னொரு கடலில் முடிக்கும் ஆசை, இங்கிலாந்தில் உள்ள ஒரு பாதையைப் பற்றி வாசித்ததால் வந்தது. மேற்கே ஐரிஷ் கடலோரத்து ஒயிட்ஹேவனில் தொடங்கி, ஏரிகள் நிறைந்த மலைநாட்டையும் பென்னைன் மலைகளையும் கடந்து வடகடலைத் தொடும் அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 225 கிலோமீட்டர். கிளம்பும் கடலில் பின்சக்கரத்தையும், சென்று சேரும் கடலில் முன்சக்கரத்தையும் நனைப்பது அங்கே வழக்கம். பெரும்பாலோர் மேற்கிலிருந்து கிழக்காகவே ஓட்டுகிறார்கள். மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும் என்பதே காரணம். சக்கரம் நனைப்பதை மனத்தில் பதித்துக்கொண்ட நான், காற்றைப் பற்றிய வரியைக் கோட்டைவிட்டுவிட்டேன்.

நம் கடற்கரைக்காரர்கள் மேல்காற்றைக் கச்சான் என்பார்கள். தென்மேற்குப் பருவத்தில் மலை இடைவெளி வழியாக இறங்கும் அந்தக் காற்றுதான் குற்றாலத்தில் சாரலைத் தெளிக்கிறது, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. காற்றாலை நட்டிருக்கும் ஊர் வழியாக, காற்றடிக்கும் மாதத்தில், காற்றுக்கு எதிராகச் சைக்கிள் ஓட்டுவது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது எனக்கு அங்கே போய்த்தான் உறைத்தது. இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டியிருந்தது. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து காலியாகத் திரும்பிய ஒரு லோடு ஆட்டோவில் சைக்கிளைப் படுக்கப்போட்டு ஊர் திரும்பினேன்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு, விடியற்காலையில், திருச்செந்தூர்க் கடலில் பின்சக்கரத்தை நனைத்து மறுபடி கிளம்பினேன். பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாகப் பாதயாத்திரைக் கூட்டம் எதிரே வந்துகொண்டே இருந்தது. அவர்களுக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கியதற்குக் குரும்பூருக்கு முன்பே பலன் கிடைத்தது. தேரிக்காட்டு உடைமரத்தின் முள், ஆணியைப் போல வெள்ளையாக, டயரில் நின்றது. ஓலைக்கூரைக்குக் கீழே பஞ்சர் கடை வைத்திருந்த அண்ணாச்சி டியூபை வட்டையில் அமுக்கிக் குமிழி பார்த்தார், உப்புத்தாளால் தேய்த்தார், சொலூஷன் தடவிக் காயவிட்டார். நான் டியூபை மாட்டக் கைநீட்டியபோது தடுத்தார். "அவசரப்படாதிய. ஒண்ணு குத்துச்சுன்னா இன்னொண்ணு உள்ள ஒளிஞ்சிருக்கும்." ஒரு பஞ்சுத்துணியை டயரின் உட்புறமாக மெல்ல ஓட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் துணி மாட்டியது. விரலுக்கும் தட்டுப்படாத முனை, நகத்தின் பிறையளவு. குறடால் அதைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். கம்பெனி விற்கும் எந்தப் பஞ்சர் பெட்டியோடும் இந்தத் துணிப் பாடம் வராது.

கடம்பாகுளத்தைத் தாண்டியதும் செம்மணலும் பனையும் விலகி, வாழையும் நெல்லும் தொடங்கிவிடுகின்றன. தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் என நவதிருப்பதிகளின் ஊடாகத் தாமிரபரணி வலப்பக்கம் கூடவே வருகிறது. ஈரக்காற்றில் ஓட்டுவதற்கு இந்த முப்பது கிலோமீட்டருக்கு ஈடாக வழியில் வேறு எதையும் சொல்ல மாட்டேன். ஆதிச்சநல்லூரில் மட்டும் சாலையோரப் பரம்பு திடீரென வறண்டு மேடாக எழுகிறது. 114 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பழைய இடுகாட்டைப் பயிரிடாமல் விட்டு வைத்திருப்பதைச் சைக்கிள் வேகத்தில் பார்த்தால்தான், விளைநிலத்தைப் பிணத்துக்குக் கொடுக்காத முன்னோரின் கணக்கு புரிகிறது.

திருநெல்வேலி நகரத்து நெரிசலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வாடை பின்னாலிருந்து தள்ள, ஆலங்குளத்தையும் பாவூர்சத்திரத்தையும் பழைய பகையை மறந்து கடந்தேன். இரவு தென்காசியில் தங்குவதற்கு முன், பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டேன். கேரள எல்லை இன்றைக்குப் புளியரைக்கு அப்பால் இருக்க, இங்கே எப்படிப் பார்டர் வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின் பக்கம் இருந்தது. எல்லை மேற்கே நகர்ந்துவிட்டது, பெயர் பரோட்டாக் கல்லோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

மறுநாள் புளியரைக்கு மேல் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. பயந்த அளவுக்கு ஏற்றம் நீளமில்லை, கோட்டைவாசலில் முடிந்துவிடுகிறது. அதுவரை பார்த்த சிற்றாறும் குண்டாறும் தாமிரபரணியைத் தேடிக் கிழக்கே போகின்றன. அதற்கு அப்பால் பார்க்கும் நீரெல்லாம் கல்லடையாற்றில் விழுந்து அஷ்டமுடிக் காயலுக்குப் போகிறது. மழை மறைவுப் பகுதியின் கருவேலத்திலிருந்து ரப்பர் தோட்டத்து நிழலுக்கு அரைமணி நேரத்தில் வந்துவிட்டிருந்தேன். ஆரியங்காவிலிருந்து தென்மலை வரை இறக்கம். பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும், தொடர்ந்து பிடித்தால் ரிம் சூடேறிவிடும். எதிரே வரும் மரலாரிகள் வளைவில் முழுச் சாலையையும் தமக்கென எடுத்துக்கொள்ளும். 1904-இல் திறந்த ரயில் பாதையின் பதின்மூன்று கண் பாலத்துக்குக் கீழே நின்று மூச்சுவாங்கினேன். புனலூரில் 1877-இல் கட்டி முடித்த தொங்குபாலத்தில் சைக்கிளைச் சாய்த்து ஒரு கட்டன் சாயா. அதற்குப் பிறகு கொல்லம் வரை வீடுகளும் கடைகளும் விடாமல் வந்தன. ஏறி இறங்கிக்கொண்டே இருந்த சாலை மலையைவிட அதிகமாகக் களைப்பைத் தந்தது.

கொல்லம் கடற்கரை செங்குத்தாக இறங்குகிறது. நான் சைக்கிளோடு நீரை நெருங்கியதும் காவலர் விசில் ஊதினார். விஷயத்தைச் சொன்னதும், ஈரமணல் கோட்டைக் காட்டி அங்கேயே நிற்கச் சொன்னார். முன்சக்கரத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். ஏழெட்டு அலைகள் அரைமுழம் குறைவாகவே வந்து திரும்பின. பிறகு வந்த ஒன்று சக்கரத்தையும் செயினையும் என் முழங்காலையும் சேர்த்து நனைத்துவிட்டுப் போனது. செயினில் உப்பு ஏறுவதற்குள் கழுவ வேண்டுமென்று, காவலரிடமே குழாய் எங்கே என்று கேட்டேன்.