தமிழ் மீடியத்திலிருந்து வந்து மருத்துவச் சொற்களைப் படிப்பது எப்படி?

மெடிக்கல் கோடிங் (நோயாளியின் நோய், சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து அவற்றுக்கு உரிய கோடு போடும் வேலை), டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ), நர்சிங், பிசிஷியன் அசிஸ்டன்ட் என்று எதில் சேர்பவர்களாக இருந்தாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, இந்த மெடிக்கல் டெர்மினாலஜியை என்னால படிக்க முடியுமா?" முடியும். ஏனென்றால் அது இங்கிலீஷே இல்லை. பெரும்பாலும் கிரேக்கமும் லத்தீனும்தான், இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கான்வென்டில் எல்.கே.ஜி. முதல் படித்த பெண்ணிடம் போய் 'கோலிடோகோலிதியாசிஸ்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், அவளும் உங்களைப் போலத்தான் முழிப்பாள். இந்த ஒரு பாடத்தில் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறோம்.

நான் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், கல்லூரியில் விலங்கியல். இப்போது ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் கோடிங் பார்க்கிறேன், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அவ்வப்போது சொல்லித்தருவதும் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உடம்பைத் தெரிந்துகொள்ளாமல் வார்த்தைப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்கிறவர்கள்தான் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். நான் படித்த பயிற்சி மையத்தில் முதல் நாளே ப்ரீஃபிக்ஸ், சஃபிக்ஸ் என்று ஒரு கட்டு ஜெராக்ஸைக் கையில் கொடுத்து "திங்கட்கிழமை டெஸ்ட்" என்றார்கள். செவ்வாய்க்கிழமை யாருக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை. 'நெஃப்ரோ என்றால் கிட்னி' என்று நூறு முறை எழுதினாலும், கிட்னி எங்கே இருக்கிறது, அதிலிருந்து சிறுநீர் எந்த வழியாக வெளியே வருகிறது என்று தெரியாவிட்டால் அது வெறும் சத்தம்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தை எடுங்கள். செரித்தல், சுவாசம், உடல் திரவங்கள், கழிவு நீக்கம், நரம்புக் கட்டுப்பாடு, நாளமில்லாச் சுரப்பிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். அதே புத்தகம் இங்கிலீஷிலும் வருகிறது, இரண்டும் பி.டி.எஃப். ஆக இலவசமாகவே கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்துக்குப் படம் ஒப்பிட்டுப் படியுங்கள். கணையம் என்கிற இடத்தில் பான்கிரியாஸ், மண்ணீரல் என்கிற இடத்தில் ஸ்ப்ளீன், சிறுநீர்க்குழாய் என்கிற இடத்தில் யூரிட்டர். விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், புதிதாக ஒரு பெயர் மட்டும் ஒட்டவேண்டும். எந்தப் பெரிய கோர்ஸையும் விட இது பயன்படும் என்பது என் கருத்து, ஏற்காதவர்கள் இருக்கலாம். மருத்துவத்தைத் தமிழில் எப்படிப் புரிந்துகொள்வது என்று சிரிப்பவர்களுக்காக ஒரு தகவல்: யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவ வகுப்பு நடத்தி, பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார்.

சரி, உடம்பு பிடிபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி வார்த்தை. நீளமான வார்த்தையைப் பார்த்ததும் முன்னாலிருந்து படிக்காதீர்கள், கடைசியிலிருந்து படியுங்கள். என்ன நடந்தது என்பதை வால்தான் சொல்லும், எங்கே நடந்தது என்பதை நடுப்பகுதி சொல்லும். 'எசோஃபேகோகாஸ்ட்ரோடியோடினோஸ்கோபி' என்ற வார்த்தையைக் காட்டினால் புதிதாக வருகிறவர்களுக்கு வியர்த்துவிடும். ஆனால் கடைசியில் ஸ்கோபி, அதாவது கருவி விட்டுப் பார்ப்பது. எதைப் பார்க்கிறார்கள்? உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல். நாம் சாப்பிடும் சோறு போகிற வழியே அப்படியே வரிசையாக இருக்கிறது, இதில் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது? முதலில் சொன்ன கோலிடோகோலிதியாசிஸும் இப்படித்தான், கோலி என்றால் பித்தம், டோக்கோ நாளம், லித் கல், யாசிஸ் என்றால் அந்த நிலை. பித்தநாளத்தில் கல். பித்தப்பையில் கல் இருந்தால் கோலிலிதியாசிஸ். இரண்டுக்கும் நடுவே 'டோக்கோ' மட்டும்தான் வித்தியாசம், ஆனால் கோடு வேறு, நோயாளிக்குச் செய்கிற சிகிச்சையும் மாறலாம்.

வால்களில் நேரம் செலவு செய்யவேண்டிய இடம் டமி கோஷ்டி. ஆட்டமி என்றால் கீறித் திறப்பது. ஆஸ்டமி என்றால் திறந்த வழியை அப்படியே விட்டுவைப்பது. எக்டமி என்றால் வெட்டி எடுத்துவிடுவது. கோலக்டமி செய்தவருக்குப் பெருங்குடலில் ஒரு பகுதியோ முழுவதுமோ இல்லை. கோலாஸ்டமி செய்தவருக்குக் குடல் வயிற்றுத் தோல் வழியாக வெளியே திறந்திருக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கப்போகிறவர் இதைக் குழப்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதே மாதிரி இரட்டை ஆர் வரும் கூட்டம்: ரேஜ் என்றால் ரத்தப்பெருக்கு, ரியா என்றால் ஒழுகுவது, ரஃபி என்றால் தைப்பது, ரெக்ஸிஸ் என்றால் கிழிந்து வெடிப்பது. இந்த நான்கையும் ஒரே தாளில் எழுதி சுவரில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது, ஒரே உறுப்புக்கு ஏன் இரண்டு பெயர் என்ற எரிச்சல். சிறுநீரகத்துக்கு நெஃப்ரோ, ரீனல் இரண்டும் உண்டு. கருப்பைக்கு ஹிஸ்டரோ, யூட்டரோ. நுரையீரலுக்கு நியூமோனோ, பல்மனரி. முதலில் வருவது கிரேக்கம், இரண்டாவது லத்தீன். பொதுவாக உடலமைப்பைச் சொல்லும்போது லத்தீனும் (ரீனல் ஆர்ட்டரி), நோயையோ அறுவை சிகிச்சையையோ சொல்லும்போது கிரேக்கமும் (நெஃப்ரைட்டிஸ், நெஃப்ரெக்டமி) வரும். எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனாலும் இது தெரிந்தால் எரிச்சல் பாதி குறையும்.

இனி ஏமாற்றுகிற வார்த்தைகள். மையோ என்றால் தசை, மையலோ என்றால் தண்டுவடம், அதே மையலோ வேறு இடத்தில் எலும்பு மஜ்ஜை. ஆஸ்டியோமையலைட்டிஸில் எலும்பு, மஜ்ஜை, போலியோமையலைட்டிஸில் தண்டுவடம். இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். இலியம் என்று இரண்டு உண்டு, ஒன்று சிறுகுடலின் கடைசிப் பகுதி, இன்னொன்று இடுப்பெலும்பு. உச்சரிப்பு கிட்டத்தட்ட ஒன்றேதான், நடுவில் 'இ' எழுத்து வந்தால் குடல், 'ஐ' எழுத்து வந்தால் எலும்பு. டிஸ்ஃபேஜியா விழுங்க முடியாமை, டிஸ்ஃபேஸியா பேச்சுக் குறைபாடு, பக்கவாதம் வந்த நோயாளிக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் சார்ட்டில் (நோயாளியின் மருத்துவக் குறிப்பில்) அடுத்தடுத்த வரியில் வந்து நிற்கும். ஓமா என்று முடிந்தாலே கேன்சர் என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஹெமட்டோமா வெறும் ரத்தக்கட்டு. கிளாக்கோமா கண் நோய். மைசிட்டோமா என்றொரு கால் வீக்க நோய் உண்டு, அதற்கு உலகம் முழுக்க இருக்கும் இன்னொரு பெயர் மதுரா ஃபுட், நம்ம மதுரையை வைத்து வந்த பெயர்தான். அதிலும் ஒரு வம்பு, மைசி என்றால் பூஞ்சை, ஆனால் பாக்டீரியாவாலும் அந்த நோய் வரும். பெயரைப் பிரித்துப் பார்ப்பது அர்த்தத்துக்குக் கிட்டே கொண்டுபோய் விடும், முழுக்க நம்பக் கூடாது.

நோட்டில் எப்படி எழுதுவது என்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், ஆனால் உங்கள் நோட்டில் அப்படிச் செய்யாதீர்கள். உயிர் என்று பொருள்படும் பயோவும் சீழ் என்று பொருள்படும் பயோவும் தமிழில் எழுதினால் ஒன்றுதான், எந்த 'பி' எழுத்தில் தொடங்குகிறது, 'ஒய்' எங்கே வருகிறது என்பதெல்லாம் காணாமல் போய்விடும். அர்த்தத்தைத் தமிழில் எழுதுங்கள், சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுங்கள். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். நிமோனியாவில் முதல் எழுத்து பி, சொரியாசிஸிலும் பி, இரண்டும் வாயில் வராது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸ் தளத்தில் மருத்துவச் சொற்களைப் பிரித்துப் படிப்பதற்கென்றே ஒரு பாடம் இருக்கிறது, காசு இல்லை.

ஸ்பெல்லிங் தகராறு ஒன்று. நம் ஊர்க் கல்லூரிகளில் பிரிட்டிஷ் ஸ்பெல்லிங். கோடிங்கில் வருவதோ அமெரிக்க சார்ட். எடிமா (நீர்வீக்கம்), எசோஃபேகஸ் (உணவுக்குழாய்) இரண்டும் இங்கே 'ஓ' எழுத்தில் தொடங்கும், அங்கே 'இ' எழுத்தில். ஐ.சி.டி. (நோய்களுக்கான கோடுகள்) புத்தகத்தின் இன்டெக்ஸில் 'ஓ' பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தால் விடிந்தாலும் கிடைக்காது.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஊரே பாடம்தான். சென்ட்ரல் எதிரே ஜி.எச். பக்கம் போக நேர்ந்தால் துறைப் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள், தமிழும் இங்கிலீஷும் சேர்ந்தே இருக்கும். நெஃப்ராலஜிக்கும் யூராலஜிக்கும் என்ன வித்தியாசம், ரூமட்டாலஜி எதைப் பார்க்கிறது என்று வீட்டுக்கு வந்து தேடுங்கள். (இதற்காக மட்டும் போய் அங்கே கூட்டத்தில் நிற்காதீர்கள், நோயாளிகள் பாவம்.) தாம்பரம் - பீச் ரயிலில் உட்கார இடம் கிடைக்கிறதோ இல்லையோ, சட்டைப் பையில் பத்துச் சீட்டு வைத்துக்கொள்ளலாம், ஒரு பக்கம் சொல், பின்பக்கம் அர்த்தத்தோடு ஒரு சின்னப் படம்.

இதைவிட நல்லது வீட்டில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி. அப்பாவுடையதோ பாட்டியுடையதோ ஒன்றாவது பீரோவில் இருக்கும், கேட்டுவிட்டு எடுத்துப் படியுங்கள். 'கே/சி/ஓ டி.எம்., எஸ்.எச்.டி.' என்று தொடங்கும், ஏற்கெனவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர் என்று அர்த்தம். இந்த எஸ்.எச்.டி. நம் ஊர் டாக்டர்கள் சகஜமாக எழுதுவது, அமெரிக்க சார்ட்டில் எச்.டி.என். என்றுதான் வரும். சுருக்கெழுத்துகளில் மட்டும் ரொம்ப ஜாக்கிரதையாக இருங்கள். மாத்திரைச் சீட்டில் ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை, கண் டாக்டர் எழுதினால் அதே ஓ.டி. வலது கண், மருத்துவமனை வராண்டாவில் யாராவது சொன்னால் ஆபரேஷன் தியேட்டர் (இங்கிலீஷில் கடைசி எழுத்து வேறு, காதில் ஒரே மாதிரி விழும்). எம்.எஸ். என்றால் மைட்ரல் ஸ்டெனோசிஸா (இதய வால்வு நோய்), மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸா (நரம்பு நோய்), மார்ஃபின் சல்ஃபேட்டா (வலி மருந்து)? மருந்து விஷயத்தில் இப்படிக் குழப்பம் வரக்கூடாது என்பதால்தான் அமெரிக்காவில் ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு எழுதவே கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இன்சுலின் யூனிட்டுக்கு வெறும் 'யூ' போடுவது அதில் ஒன்று, கையெழுத்தில் அது சைபர் மாதிரி தெரிந்துவிட்டால் நாலு யூனிட் நாற்பதாகிவிடும். நர்சிங் படிப்பவர்கள் இதை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். ஹைப்பர், ஹைப்போவும் அப்படித்தான், போனில் சொல்லும்போது சுகர் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று தனியாக ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கோடிங் ஃப்ரெஷர் இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்? பெரும்பாலும் சுற்றிச்சுற்றி அதேதான்: எலும்புகள் எத்தனை, இதயத்தின் அடுக்குகள் என்ன, தோலின் அடுக்குகள், எக்டமிக்கும் ஆஸ்டமிக்கும் வித்தியாசம், இதயத்துக்குள் ரத்தம் போகும் வழி. கடைசிக் கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வீட்டில் அம்மாவை உட்காரவைத்து முதலில் தமிழில் சொல்லுங்கள், வலது ஏட்ரியம், வலது வென்ட்ரிக்கிள், நுரையீரல், இடது ஏட்ரியம், இடது வென்ட்ரிக்கிள், மகாதமனி என்று. தமிழில் தங்குதடையில்லாமல் வந்த பிறகு அதையே இங்கிலீஷில் சொல்லுங்கள். இலக்கணம் தப்பினாலும் பரவாயில்லை, வரிசை தப்பக் கூடாது.

கோடிங் வேலைக்கான சான்றிதழ்த் தேர்வான சி.பி.சி.யைப் பற்றி நிறையப் பேர் கேட்பதால் கொஞ்சம். 100 கேள்வி, 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். கோடு புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம், அதை நம்பி அலட்சியமாக இருக்காதீர்கள், ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. சொற்களைப் பற்றிய நேரடிக் கேள்விகள் கொஞ்சம்தான், ஆனால் ஆபரேஷன் குறிப்பை வாசிக்கும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்றால் நேரம் போய்விடும். அனுபவம் இல்லாமல் பாஸ் செய்தால் பெயருக்குப் பின்னால் அப்ரென்டிஸ் என்பதற்கான 'ஏ' ஒட்டிக்கொண்டு வரும், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், பிறகு எடுத்துவிடலாம். கட்டணம் கொஞ்சம் கூடுதல் என்பதால், வீட்டில் பணம் தட்டுப்பாடு என்றால் முதலில் ஃப்ரெஷராகச் சேருங்கள், தேர்வுச் செலவைத் திருப்பிக்கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு, சேரும்போதே எச்.ஆரிடம் கேட்டுவிடுங்கள். "நூறு சதவீதம் வேலை உறுதி" என்று போர்டு வைத்து, டெர்மினாலஜிக்கு மட்டும் தனியாகப் பணம் கேட்கும் இடத்தில் கட்டாதீர்கள். சீனியரிடம் பழைய கோடு புத்தகம் கிடைத்தால் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஐ.சி.டி. கோடுகள் ஒவ்வொரு அக்டோபர் 1-லும் சி.பி.டி. கோடுகள் (சிகிச்சைகளுக்கானவை) ஜனவரி 1-லும் மாறும். அதனால் தேர்வுக்கு வாங்கும்போது, முக்கியமாக டிசம்பர், ஜனவரி வாக்கில் எழுதுகிறவர்கள், எந்த ஆண்டுப் பதிப்பு செல்லும் என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.