சிச்செஸ்டர் அறக்கொடை இல்லத்தை அளந்து வரைந்த அனுபவம்

கட்டடப் பாதுகாப்புப் படிப்புக்காக இங்கிலாந்தின் பழைய கட்டடம் ஒன்றை அளந்து வரைய வேண்டியிருந்தபோது, சிச்செஸ்டர் நகரின் செயின்ட் மேரிஸ் ஹாஸ்பிட்டல் என்னும் அறக்கொடை இல்லத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஏழைகளையும் நோயாளிகளையும் பேணுவதற்காக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்ட அந்தக் கூடத்துக்குள்ளேயே இன்றும் முதியவர்கள் குடியிருக்கிறார்கள். அதனால் அனுமதிக் கடிதத்தில், எதை அளக்கப் போகிறேன், எந்த இடத்தில் நிற்பேன் என்பவற்றோடு, வீட்டுக் கதவுகளையும் குடியிருப்போரையும் படமெடுக்க மாட்டேன் என்பதையும் எழுதினேன். இத்தகைய இல்லங்களை வரைய விரும்புவோர் இந்த உறுதியை முதலிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

நடுப்பாதையில் நேர்கோடு ஒன்றைக் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். கூரையின் உயரங்களை லேசர் கருவியால் எடுத்தேன். மரத்தூண்களின் பருமனை நாடாவால் அளந்தேன். உச்சியிலிருந்து இரு பக்கமும் ஒரே சரிவாக இறங்கும் கூரை, வெளிச்சுவரை அடையும்போது ஆள் உயரத்துக்குச் சற்று மேலேதான் நிற்கிறது. கிழக்குக் கோடியில், செதுக்கிய மரத்தடுப்புக்கு அப்பால் வழிபாட்டிடம் இருக்கிறது. இரு ஓரங்களிலும் கிடந்த நோயாளிகள் படுக்கையில் இருந்தபடியே வழிபாட்டைக் கேட்க முடிந்ததற்கு இந்த அமைப்பே காரணம்.

என் கவனத்தை அதிகம் ஈர்த்தவை செங்கல் புகைபோக்கிகள்தாம். 17ஆம் நூற்றாண்டில் ஓரப் பகுதிகளைத் தனித்தனிக் குடியிருப்புகளாகத் தடுத்தபோது ஒவ்வொன்றுக்கும் கணப்பு தேவைப்பட்டது. அதற்காகக் கனத்த புகைபோக்கிகளை எழுப்பிப் பழைய கூரையைத் துளைத்து மேலே கொண்டுசென்றிருக்கிறார்கள். அங்கே குடியிருக்கும் பெண்மணி ஒருவர் தாமே கதவைத் திறந்து, புகைபோக்கியின் அடிப்பகுதி அறைக்குள் புடைத்து நிற்பதைக் காட்டினார். செங்கல்லை ஒட்டியே அவருடைய நாற்காலி கிடந்தது.

பிற்காலச் சுவர்களை நீக்கிவிட்டு முதற்கூடத்தை மட்டும் வரைந்தால் படம் தெளிவாக இருக்கும் என்று உடன் படித்தவர்கள் சிலர் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பொதுக்கூடத்தில் படுக்கை ஒன்றை மட்டும் பெற்றவருக்குத் தனிக்கதவும் தனிக்கணப்பும் கிடைத்த மாற்றத்தை அந்தச் செங்கற்கள்தாமே சொல்கின்றன? வின்செஸ்டர் நகரில் உள்ள செயின்ட் கிராஸ் என்னும் அறக்கொடை இல்லத்தில் 15ஆம் நூற்றாண்டில் கார்டினல் (கத்தோலிக்கத் திருச்சபையின் உயர்நிலைக் குரு) போஃபோர்ட்டின் கொடையால் எழுந்த குடியிருப்பு வரிசையைப் போய்ப் பார்த்த பிறகு இந்த எண்ணம் உறுதிப்பட்டது. தனி அறைகளும் வானில் உயர்ந்த புகைபோக்கிகளும் அங்கே திட்டமிட்டே கட்டப்பட்டவை. சிச்செஸ்டரிலோ அதே வசதியை இருக்கும் கூரைக்குள் நுழைத்திருக்கிறார்கள்.

ஆகவே, கட்டடத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் உட்புறத்தைக் காட்டும் படத்துக்கான வெட்டுக்கோட்டைப் புகைபோக்கி ஒன்றின் நடுவே செலுத்தி, 1:50 அளவில் வரைந்தேன். மரவேலைக்கும் செங்கல் வேலைக்கும் வெவ்வேறு தடிமனில் கோடுகள் இட்டேன். நான் நுழையாத அறைகளின் உட்புறத்தை ஊகித்து நிரப்பாமல் வெறுமையாகவே விட்டு, அதற்கான குறிப்பைப் படத்தின் ஓரத்தில் எழுதி, ஒரு பிரதியை இல்லத்துக்கும் அனுப்பிவைத்தேன்.