இரண்டு டிஸ்குகளுக்கு நடுவே

எங்கள் ஆய்வகத்தில் காலை வேலை இன்குபேட்டரைத் திறப்பதில் தொடங்கும். முந்தின நாள் நோயாளிகளின் கிருமியை வளர வைத்த பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்ப்போம். பிளேட்டில் வைத்த டிஸ்கை, அதாவது மருந்து தோய்ந்த சிறு காகித வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் போதுமான அகலத்துக்கு வளையம் விழுந்திருந்தால் அந்த மருந்து கேட்கும். டிஸ்கின் விளிம்பு வரை கிருமி படர்ந்திருந்தால் ரிப்போர்ட்டில் ‘ஆர்’, அதாவது ரெசிஸ்டன்ட்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரிப்போர்ட் முழுக்க ‘ஆர்’ வருவது அபூர்வம். இப்போது வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சளியில் வளரும் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் என்ற கிருமிகளில் அது அடிக்கடி வருகிறது. அப்படி ஒன்றில் கையெழுத்துப் போடும்போது இன்றைக்கும் கை ஒரு கணம் நிற்கும்.

ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் இன்னொன்றையும் சேர்ப்போம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பல வருடங்களுக்கு முன் அசினெட்டோபாக்டர் நிமோனியாவோடு ஒருவர் ஐ.சி.யூ.வில் இருந்தார். கேட்கும் மருந்துகளில் கொலிஸ்டின் மட்டும்தான் மிச்சம். மெரோபெனம் என்ற மருந்துக்கு ‘ஆர்’. “ரெண்டையும் சேர்த்தே கொடுக்கலாமா?” என்று ஐ.சி.யூ. டாக்டர் போனில் கேட்டார். கொடுங்கள், நல்லதுதான் என்றேன். பன்னிரண்டாம் நாள் அந்த நோயாளி இறந்துவிட்டார்.

2018இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. 406 நோயாளிகள், பெரும்பாலானோருக்கு இதே அசினெட்டோபாக்டர். கொலிஸ்டின் மட்டும் கொடுத்தவர்களைவிட, மெரோபெனமும் சேர்த்துக் கொடுத்தவர்கள் மேலாகத் தேறவில்லை. படித்து முடித்ததும் அந்த போன்தான் நினைவுக்கு வந்தது. நான் சொன்ன ‘நல்லதுதான்’ என்ற வார்த்தைக்குப் பின்னால் எந்தக் கணக்கும் இருந்ததில்லை.

காசநோயில் கூட்டு மருந்து வெற்றி பெற்றதே என்று கேட்கலாம். உண்மைதான். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோது நோயாளிகள் முதலில் தேறினார்கள். சில மாதங்களில் பலருடைய கிருமியும் மருந்துக்கு அடங்காமல் போனது. பாஸ் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்ததும் அது வெகுவாகக் குறைந்தது. ஒரு மருந்திலிருந்து தப்பும் ஒன்றிரண்டு கிருமிகளை இன்னொன்று பிடித்துக்கொள்ளும். ஆனால் அங்கே இரண்டு மருந்தும் தனித்தனியாகவே வேலை செய்யக்கூடியவை. இரண்டுக்கும் ‘ஆர்’ வந்துவிட்ட கிருமியிடம் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே ஒவ்வொரு மருந்தும் எதற்காக வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதை நான் கண்ணால் பார்த்தது ஒரு கிளெப்சியெல்லா பிளேட்டில். லூப் என்ற கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினால் நூலாக இழுபடும் கொழகொழப்பான கிருமி அது. அதனிடம் என்.டி.எம். என்ற என்சைம் இருந்தது. மெரோபெனம் உட்பட பெனிசிலின் குடும்பத்தின் மருந்துகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் அது வெட்டிவிடும். அதே குடும்பத்தின் அஸ்ட்ரியோனமை மட்டும் அதனால் வெட்ட முடியாது. சரி, அப்படியானால் அஸ்ட்ரியோனம் போதுமே? போதாது. இந்தக் கிருமிகள் பெரும்பாலும் கூடவே வேறு என்சைம்களையும் வைத்திருக்கும். அவை அஸ்ட்ரியோனமை வெட்டும். அவிபாக்டம் என்ற மருந்து அந்த மற்ற என்சைம்களைக் கட்டிப்போடும், ஆனால் என்.டி.எம்.மை ஒன்றும் செய்யாது. அதனால்தான் செஃப்டாசிடிம் என்ற மருந்தோடு அதைச் சேர்த்த செஃப்டாசிடிம்-அவிபாக்டமும் தனியாகத் தோற்கிறது.

அன்று அஸ்ட்ரியோனம், செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற இரண்டு டிஸ்குகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தோம். காலையில் எங்கள் மூத்த டெக்னீஷியன், “மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க” என்று பிளேட்டை நீட்டினார். வெளிப்பக்கங்களில் இரண்டைச் சுற்றியும் கிருமி ஒட்டி வளர்ந்திருந்தது. நடுவில் மட்டும், அஸ்ட்ரியோனம் டிஸ்கிலிருந்து மற்றதை நோக்கிக் கண்ணாடி போலத் தெளிவாக ஓர் இடம். ஒரு நகத்தின் அகலம் இருக்கும். இரண்டு மருந்தும் கசிந்து கலந்த அந்த இடத்தில் ஒரு கிருமிகூட இல்லை. பிளேட்டைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

பிளேட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதால் குழாயிலும் போட்டுப் பார்த்தோம். மருந்தில்லாதது, ஒவ்வொரு மருந்தும் தனியாக, இரண்டும் சேர்ந்தது என நான்கு குழாய்கள். மூன்று கலங்கின, நான்காவது தெளிவாக நின்றது. அப்புறம் நுரையீரல் வேறு இருக்கிறது. ஊசியில் போடும் கொலிஸ்டின் நுரையீரலின் காற்றறைகளுக்குள் சரியாகப் போய்ச் சேராது; டாப்டோமைசின் என்ற மருந்தை நுரையீரலில் இருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற படலமே செயலிழக்கச் செய்துவிடும். ஆய்வகத்தில் ஜெயித்த மருந்து நுரையீரலிலும் ஜெயிக்கும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அந்த நோயாளிக்கு மெல்ல மெல்லக் காய்ச்சல் இறங்கியது, வென்டிலேட்டரையும் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு மெரோபெனமுக்கு ‘ஆர்’ வந்தால், யாரும் கேட்காமலேயே என்சைம் டெஸ்ட்டும் போட்டுவிடுகிறோம். ரிப்போர்ட்டின் அடியில் அதற்கென்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். முன்பெல்லாம் ஐ.சி.யூ.விலிருந்து போன் வந்தால், “இன்னும் எதையாவது சேர்க்கலாமா?” என்பார்கள். நேற்றுக் காலை வந்த போனில் முதல் கேள்வியே, “எந்த என்சைம் மேடம்?”