பாதரசத்தின் கடைசி இரண்டு எலக்ட்ரான்கள்

உலோகங்கள் எலக்ட்ரானைக் கொடுக்கும், அலோகங்கள் அதை வாங்கிக்கொள்ளும் என்று பள்ளியில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். பெரும்பாலான தனிமங்களுக்கு அந்த வாக்கியம் போதும். கொடைக்கானலில் வேதியியல் கற்பிக்கும் எனக்கு மட்டும் அதோடு நிறுத்திக்கொள்ள மனம் வருவதில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டுப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்த உலோகம் பாதரசம். அவர்களில் சிலருடைய தாத்தாவோ பெரியப்பாவோ இங்கிருந்த வெப்பமானித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். உலோகப் பிணைப்பைப் பற்றிய பாடம் வந்தவுடன், "அப்போ பாதரசம் மட்டும் ஏன் சார் ஓடுது?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். மிக நல்ல கேள்வி அது. அதற்குரிய விடையை இங்கே சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில் 'கொடுக்கும்' என்ற சொல்லை அளந்து பார்க்க வேண்டும். சோடியம் தன் ஒற்றை இணைதிறன் எலக்ட்ரானை, அதாவது பிணைப்பில் பங்கேற்கும் வெளிக்கூட்டு எலக்ட்ரானை, விரும்பிக் கொடுப்பதில்லை; வாயு நிலையிலுள்ள ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து அதைப் பிரித்தெடுக்க 496 கிலோ ஜூல் ஆற்றலைச் செலவிட்டாக வேண்டும். குளோரின் அணுக்கள் அந்த எலக்ட்ரான்களை ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349 கிலோ ஜூல்தான். கணக்கை இங்கேயே முடித்தால் 147 கிலோ ஜூல் நட்டம். உப்பு உருவாகவே வழியில்லை. நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் நெருங்கி வந்து படிகமாக அடுக்கப்படும்போது வெளிப்படும் 787 கிலோ ஜூல் படிகக்கூடு ஆற்றல்தான் அந்த நட்டத்தை ஈடுகட்டி, மிச்சமும் வைக்கிறது. ஆகவே ஓர் அணு தன் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதும், அந்தப் பிடியைத் தளர்த்துவதற்கான செலவு பிணைப்பினால் ஈடாகுமா என்பதுமே அது எவ்வகையில் பிணையும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

உலோகத்துக்குள்ளும் இதே கணக்குதான் நடக்கிறது. எலக்ட்ரானை ஏற்க அருகில் அலோகம் எதுவும் இல்லாதபோது, உலோக அணுக்கள் தம் இணைதிறன் எலக்ட்ரான்களைப் பொதுவில் விட்டுவிடுகின்றன. அவை எந்த ஓர் அணுவுக்கும் உரியவையாக இல்லாமல் படிகம் முழுவதும் பரவி, நேர் மின்சுமை கொண்ட அணுக்கருப் பகுதிகளை ஒன்றாகப் பிணைத்து வைக்கின்றன. பொதுவில் விடப்படும் எலக்ட்ரான்கள் மிகுந்தால் பிணைப்பு வலுக்கும். டங்ஸ்டன் 3422 டிகிரி செல்சியஸ் வரை உருகாமல் நிற்பதற்கு அதன் ஆறு இணைதிறன் எலக்ட்ரான்களும் பிணைப்பில் பங்கேற்பதே காரணம்.

பாதரசத்தின் அணு எண் 80. அதன் உட்கூடுகள் எல்லாம் நிரம்பியபின் வெளியே மிஞ்சுபவை 6எஸ் ஆர்பிட்டாலில் (ஆறாம் கூட்டில் எலக்ட்ரான்கள் உலவும் ஒரு பகுதியில்) உள்ள இரண்டு எலக்ட்ரான்கள். கால்சியத்துக்கும் வெளிக்கூட்டில் இரண்டு எஸ் எலக்ட்ரான்கள்தாம் உள்ளன என்றாலும், கால்சியம் 842 டிகிரியில்தான் உருகுகிறது. பாதரசமோ சுழிக்குக் கீழே கிட்டத்தட்ட 39 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் இயல்பு இப்படி வேறுபடுவது ஏன் என்பதை முதல் அயனியாக்கும் ஆற்றல், அதாவது அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றல், காட்டிக்கொடுக்கிறது. மோலுக்குக் கால்சியத்துக்கு 590 கிலோ ஜூல், தங்கத்துக்கு 890, பாதரசத்துக்கு 1007. கந்தகத்தின் மதிப்பு ஏறத்தாழ 1000. எல்லோரும் அலோகம் என்று ஒப்புக்கொள்ளும் கந்தகத்தைவிடச் சற்றே இறுக்கமாகத் தன் எலக்ட்ரானைப் பிடித்திருக்கும் உலோகம் இது. கரும்பலகையில் இந்த எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பது என் வழக்கம், ஏனெனில் அந்த வரிசையே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. பொதுவில் விடுவதற்கு இசையாத எலக்ட்ரான்களைக் கொண்ட அணுக்களிடையே வலுவான உலோகப் பிணைப்பு அமையாது. செம்போடு ஒப்பிட்டால் பாதரசத்தின் மின்தடைத்திறன் 50 மடங்குக்கும் மேல். அதன் ஆவியும் பெரும்பாலும் தனித்தனி அணுக்களாகவே இருக்கிறது, மந்த வாயுக்களைப் போல.

அந்தப் பிடி இவ்வளவு இறுகியதற்குக் காரணம் ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டில் இருக்கிறது. 80 புரோட்டான்கள் உள்ள உட்கருவுக்கு மிக அருகில் இருக்கும் 1எஸ் எலக்ட்ரானின் சராசரி வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 58 விழுக்காடு. அத்தகைய வேகத்தில் எலக்ட்ரானின் நிறை 20 விழுக்காட்டுக்கும் மேல் கூடுவதால் அதன் ஆர்பிட்டால் உட்கருவை நோக்கிச் சுருங்குகிறது. இந்த விளைவு உட்கூட்டோடு நின்றுவிடுவதில்லை; 6எஸ் எலக்ட்ரான்களும் உட்கருவுக்கு அருகில் வந்துபோகின்றன என்பதால் அந்த ஆர்பிட்டாலும் சுருங்கி, ஆற்றலில் தாழ்ந்து, உறுதிப்படுகிறது. நியூசிலாந்தில் பணியாற்றும் பீட்டர் ஷ்வெர்ட்ஃபெகரும் அவருடைய கூட்டாளிகளும் 2013-இல் வெளியிட்ட கணிப்பின்படி, சார்பியல் விளைவு இல்லாதிருந்தால் பாதரசம் 82 டிகிரி செல்சியஸ் வரை திண்மமாகவே இருந்திருக்கும். பக்கத்துத் தனிமமான தங்கத்திலும் இதே விளைவு உண்டு. ஆனால் அங்கே 6எஸ் ஆர்பிட்டாலில் ஓர் இடம் காலியாக இருப்பதால், தங்கம் அதை நிரப்பிக்கொள்ள முனைகிறது. சீசியத்தோடு சேரும்போது தங்கமே எதிர் அயனியாகிவிடுகிறது. இரண்டு உலோகங்கள் சேர்ந்து அயனிச் சேர்மமாகும் இந்த நிகழ்வு, கொடுப்பவர் வாங்குபவர் என்ற எளிய பிரிவினையை முற்றாக உடைத்துவிடுகிறது என்பதால் எனக்கு மிகவும் பிடித்தமானது.

அலோகங்களோடு பாதரசம் சேரும் விதமும் இந்தப் பிடியிலிருந்தே புரியும். கால்சியத்தின் இரண்டு எலக்ட்ரான்களையும் நீக்க மோலுக்கு 1735 கிலோ ஜூல் போதும். பாதரசத்துக்கு ஏறத்தாழ 2817 தேவை. அதனால் கால்சியம் குளோரைடு 772 டிகிரியில் உருகும் அயனிப் படிகமாக அமைய, சித்த மருத்துவத்தில் வீரம் என்று வழங்கும் மெர்குரிக் குளோரைடு 277 டிகிரியில் உருகுகிறது. அதில் ஒரு பாதரச அணு இரண்டு குளோரின் அணுக்களுடன் எலக்ட்ரான்களைப் பங்கிட்டு நேர்கோட்டு மூலக்கூறாக நிற்கிறது. உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு என்ற விதியை மனப்பாடம் செய்த மாணவர் இங்கே திகைக்கத்தான் செய்வார். பூரம் எனப்படும் மெர்குரஸ் குளோரைடில் இரண்டு பாதரச அணுக்கள் தமக்குள் நேரடியாகப் பிணைந்திருக்கின்றன. ஆக்சிஜனோடு சேர்ந்த பாதரசமோ, சுமார் 500 டிகிரிக்குச் சூடாக்கினால் அதை விட்டுவிட்டு மீண்டும் உலோகமாகிவிடும். ஜோசப் பிரீஸ்ட்லி 1774-இல் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தது இவ்வழியில்தான். கந்தகத்தோடு மட்டும் அதன் உறவு உறுதியானது. கல்வத்தில் இட்டு இரண்டையும் அரைத்தாலே கறுப்பு சல்ஃபைடு உருவாகிறது; இயற்கையில் கிடைக்கும் சிவப்பு வடிவம் இலிங்கம். பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களைத் தன்பால் ஈர்க்கும் திறனான எலக்ட்ரான் கவர்தன்மை, பாலிங் அளவீட்டில் பாதரசத்துக்கு 2.00, கந்தகத்துக்கு 2.58 என்று நெருங்கியிருப்பதால், இங்கே பங்கீடே மேலோங்குகிறது.

எங்கள் ஊருக்கு நேர்ந்ததும் இந்த வேதியியலால்தான். 2001-இல் மூஞ்சிக்கல்லில் உள்ள ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் கலந்த உடைந்த வெப்பமானிக் கண்ணாடிகள் குவிந்து கிடப்பது வெளிப்பட்டு, தொழிற்சாலை அதே ஆண்டில் மூடப்பட்டது. அது நின்ற மேட்டுக்குக் கீழே பாம்பார் சோலை இருக்கிறது. வலுவற்ற உலோகப் பிணைப்பினால் பாதரசம் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிறது. 20 டிகிரியில் மூடிய அறையின் காற்று ஒரு கன மீட்டருக்கு 13 மில்லிகிராம் அளவுக்கு அதை ஏற்கும். மின்சுமை இல்லாத தனி அணு என்பதால் சுவாசித்த ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காடு நுரையீரல் வழியே இரத்தத்துக்குள் போய்விடுகிறது. மலைப்பகுதியின் பாசியிலும் லைக்கனிலும் ஏரி மீன்களிலும் பாதரசம் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். சேறும் சகதியும் உள்ள நீர்நிலைகளில் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதிலுள்ள பாதரசம்–கார்பன் சகப் பிணைப்பை (எலக்ட்ரான்களைப் பங்கிட்டு அமையும் பிணைப்பை) நீர் உடைப்பதில்லை. எனவே அது சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் அடையாளம் காணப்பட்ட நோய்க்கு இந்தச் சேர்மமே காரணம்.

உடலுக்குள் சென்ற பாதரசம் தேடிப் பிடிப்பதும் கந்தகத்தைத்தான். நம் புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் கந்தக அணுவோடு அது பிணைந்ததும், அந்தப் புரதம் தன் வேலையைச் செய்ய முடியாமல் போகிறது. மருத்துவர்கள் இதற்குக் கொடுக்கும் டைமெர்காப்டோ சக்சினிக் அமிலத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு கந்தக–ஹைட்ரஜன் தொகுதிகள் உள்ளன. புரதத்தின் கந்தகத்தோடு போட்டியிட்டுப் பாதரசத்தைத் தன்பால் இழுத்துச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதே அதன் பணி. இரத்தத்திலும் சிறுநீரகத்திலும் உள்ள பாதரசத்தை அது குறைக்கிறது. மூளைக்குள் ஏற்கெனவே நேர்ந்துவிட்ட சேதத்தை அதனால் சரிசெய்ய முடிவதில்லை.