பட்டப்பெயர் ஒட்டிக்கொண்ட மரபணு

குன்னூரில் ரெண்டு நாளாக விடாத மழை, கரண்டும் இல்லை, அதனால் வர்க்கியும் டீயுமாக உட்கார்ந்து ஈகோலை பாக்டீரியாவின் காஃப்ஏ மரபணுவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அதை அளவுக்கு மீறி வேலை செய்யவைத்தால் செல்லுக்குள் நீளநீளமாக இழைகள் வருகின்றன, காஃப் (cytoplasmic axial filament, அதாவது செல்லுக்குள் அச்சுவாக்கில் ஓடும் இழை) என்ற பெயரே அதை வைத்து வந்ததுதான் (அவசரப்பட்டுவிட்டார்கள்!). அசல் வேலை 1999-ல்தான் தெரிந்தது. புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் 16எஸ் என்று ஒரு ஆர்என்ஏ உண்டு (எஸ் என்பது அளவைக் குறிக்கும் எண்). அதன் முன்வடிவத்தில் ஐந்து பிரைம் முனையில், அதாவது தொடக்க முனையில், 115 எழுத்துகள் கூடுதலாக இருக்கும், ஆர்என்ஏஸ் ஈ என்ற, ஆர்என்ஏவை வெட்டும் நொதி வெட்டிய பிறகும் 66 மிச்சம், அந்த மிச்சத்தை நறுக்குவதுதான் இந்த மரபணு தரும் ஆர்என்ஏஸ் ஜி என்ற நொதி. எப்படிப் பிடித்தார்கள்? மரபணுவைக் கெடுத்துப் பார்த்தால் கொஞ்சம் நீளமான 16.3எஸ் ஆர்என்ஏ தேங்கி நிற்கிறது. சரி, இப்போது மரபணுவுக்கு ஆர்என்ஜி என்று இன்னொரு பெயரும் உண்டு. ஆனாலும் பழைய பட்டப்பெயர் போகவில்லை.